பசுவுக்குச் சொன்ன சொல்

எங்கள் வீட்டு நடுக்கதவின் இடப்பக்கப் பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எண்ணெய்க் கறை இருக்கிறது. என் அம்மாவின் தலை பட்டுப் பட்டு ஊறிய கறை. அவர் குள்ளமானவர், அதனால் அது என் தோளுயரத்தில்தான் தெரியும். எனக்குக் கலியாணம் ஆன நாளிலிருந்து, என் கணவர் விறாந்தையில் இருக்கும் நேரமெல்லாம் அம்மா அந்தக் கதவுக்குப் பின்னால்தான் நிற்பார். மட்டக்களப்பில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் வயலும் பெண்பிள்ளைக்கு. ஆனால் வந்த மருமகனோடு மாமி நேருக்கு நேர் பேசிவிடக்கூடாது. ஒரே கூரை, ஒரே கிணறு, ஒரே பானைச் சோறு என்று இருந்தாலும் பேச்சு மட்டும் இன்னொருவர் வழியாகச் சுற்றித்தான் போகவேண்டும். எங்கள் வீட்டில் அந்தச் சுற்றுவழி நான்.

“புள்ள, சோறு ஆறுது, வந்து தின்னச் சொல்லு” என்பார் அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து. நான் மூன்றடி நடந்துபோய், “அம்மா தின்ன வரட்டாம்” என்பேன். “முகத்தக் கழுவிற்று வாறனெண்டு சொல்லு” என்பார் அவர். நான் திரும்பிக் கதவைப் பார்த்து, “முகம் கழுவிற்று வாறாராம்” என்பேன். அம்மாவின் குரல் வாவியில் தோணி வலிப்பவனுக்கே கேட்கும் குரல். விறாந்தையில் இருந்தவருக்குக் கேட்காமலா இருக்கும்? இருந்தாலும் நான் போய்ச் சொல்லும்வரை அவர் அசையமாட்டார். எனக்குச் சில நாள் எரிச்சல் வரும். “நான் செத்தா ரெண்டுபேரும் பட்டினி கிடப்பீங்க” என்று இருவருக்கும் பொதுவாக ஏசுவேன். அதற்கு மட்டும் இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் சிரிப்பு வரும்.

என் கணவர் தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஆனால் மனமெல்லாம் கோட்டில் இருந்தது. நீதவான் இங்கிலீசில் கேட்பதைத் தமிழில் சாட்சிக்கும், சாட்சி சொல்வதை இங்கிலீசில் நீதவானுக்கும் எடுத்துச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர் வேலை. அதற்கு ஒரு சோதனை எழுதித் தேறவேண்டும். அவருடைய தகப்பனார் ஒரு காணி வழக்கில் கூண்டில் நின்று, கைகூப்பி, அழுதழுது நெடுநேரம் சொன்னாராம். அன்றைய மொழிபெயர்ப்பாளர் அவ்வளவையும் ஒற்றை வரியில் முடித்துவிட்டாராம். காணி போய்விட்டது. அந்த வரி என்னவென்று அன்று சிறுவனாகப் பார்த்துநின்ற இவருக்கு விளங்கவில்லை. விளங்கும் அளவுக்குப் படித்த பிறகு, அது போதாது என்று மட்டும் தெரிந்துகொண்டார். “கெஞ்சினவன் கெஞ்சினானெண்டு போய்ச் சேரவேணும். கேட்டானெண்டு போய்ச் சேந்தா அது பொய்தானே?” என்பார். சாதுவான மனிதர். இந்த ஒரு விஷயத்தில்தான் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டிருக்கிறேன்.

நான் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் விடுதியில் தங்கி இங்கிலீஸ் படித்தவள். அதனால் பின்னேரங்களில் அவர் விறாந்தை வாங்குப் பலகையில் இருக்க, நான் சுளகில் அரிசி புடைத்தபடி வாக்கியங்கள் கொடுப்பேன். ஒருவர் இட்ட கட்டளையை, ஒருவர் கேட்ட வேண்டுகோளை மற்றவர் வாயால் எடுத்துச் சொல்லும் பயிற்சிதான் அவருக்குப் பெரும்பாடு. கட்டளையென்றால் ‘ஓர்டர்ட்’, தயவாய்க் கேட்டால் ‘ரிக்குவெஸ்டட்’, கெஞ்சினால் ‘பெக்ட்’. புத்தகத்தில் இருந்த உதாரணங்களில் எல்லாம் தளபதிகளும் சிப்பாய்களும் வந்தார்கள். தளபதிக்கு எங்கே போவது? நான் வீட்டில் அன்றன்று நடந்த கட்டளைகளையே கொடுத்தேன். அந்த வகையில் எங்கள் வீட்டில் பஞ்சம் இருந்ததில்லை.

“கிணத்துக் கயிறு அந்து போச்சு, மாத்தச் சொல்லு” என்று அம்மா காலையில் சொன்னது பின்னேரம் பாடமாகும். அவர் கண்ணை மூடி யோசித்து, மாமி கயிற்றை மாற்றும்படி என்னை ‘ரிக்குவெஸ்டட்’ என்று இங்கிலீசில் சொல்வார். “பிழை. அம்மா போட்டது ஓர்டர். வளவுக் காகமெல்லாம் பறந்ததே, கேக்கல்லையா?” என்பேன். “உனக்கு அவ அம்மா. ஓர்டர் போடுவா. எனக்கு மாமி. மாமி எனக்கு ஒருநாளும் ஓர்டர் போட்டதில்ல” என்பார். எத்தனை முறை திருத்தினாலும் அந்தச் சொல்லை மட்டும் மாற்றமாட்டார். மூன்றாவது சொல்லான ‘பெக்ட்’டை, இந்த வீட்டில் அதற்கு வேலை இல்லை, கோட்டுக்குப் போனால் தேவைப்படும் என்று எடுத்து வைத்திருந்தார். இங்கிலீசில் ஓர் எழுத்துத் தெரியாத அம்மாவும் இந்தப் படிப்பில் கலந்துகொண்டார். “புள்ள, வேலி அடைக்கச் சொன்னதையும் சேத்துப் படிக்கச் சொல்லு” என்று கதவுக்குப் பின்னாலிருந்து புதுப் பாடம் வரும். மருமகன் கோட்டுக்குப் போனால் கண்ணகி அம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக நேர்த்தியும் வைத்திருந்தார். சோதனை நெருங்கியபோது என்னைக் கூப்பிட்டு, “சோதன முடியுமட்டும் வயல்பக்கம் எட்டியும் பாக்க வேணாமெண்டு சொல்லு” என்றார். நான் போய்ச் சொன்னேன். அவர் கதவுப் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். அம்மா அதைப் பலகை இடுக்கால் பார்த்திருப்பார்.

அந்த நேரத்தில்தான் எனக்குப் பிள்ளை பிறந்தது. துடக்குக் கழியும்வரை நான் உள்ளறையை விட்டு வெளியே வரக்கூடாது, அவர் உள்ளே வரக்கூடாது. யன்னலடியில் வந்து நின்று பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார். வீட்டில் செய்தி கொண்டுபோக ஆளில்லை. எங்கள் பக்கத்தில் இதற்கும் ஒரு வழி உண்டு. மனிதரிடம் சொல்லக்கூடாததை வாயில்லாததிடம் சொல்வது. அம்மா பூனையைப் பார்த்து, “தேத்தண்ணி மூடி வெச்சிருக்கு பூன, ஆறுமுன்னம் குடிச்சாத்தானே?” என்பார். அவர் வந்து எடுத்துக் குடிப்பார். போகும்போது தன் குடையைப் பார்த்து, “இண்டைக்கு வரச் சுணங்கும்” என்பார். நான் உள்ளே பிள்ளையை அணைத்தபடி சிரித்து, அடிவயிறு நோகுமளவுக்குச் சிரித்து, மருத்துவிச்சியிடம் ஏச்சு வாங்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் இருந்த நாட்கள் வேறு இல்லை.

எங்கள் வயல் உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் வயல்வெளியில், வட்டை என்போம். வாவியைத் தோணியில் கடந்து வவுணதீவில் இறங்கி, அங்கிருந்து வண்டியில் போகவேண்டும். அந்த வருடம் அந்தப் பக்கமெல்லாம் காய்ச்சல். வயலைப் பார்த்துவந்த ஆளும் காய்ச்சலோடு வீட்டுக்குப் போய்விட்டதாகச் செய்தி வந்தது. மறுநாள் காலை அம்மா பால் கறந்துகொண்டே பசுவிடம் பேசிக்கொண்டிருந்தார். “வட்டையில ஒரு நாதியில்ல. கதிர் வாற நேரம். காட்டுப்பண்டி வந்து உழக்கினா ஆரு கேக்கிற? ஒராள் போய்ப் பாத்தா நல்லம்.” நான் உள்ளறையில் கேட்டேன். விறாந்தையில் அவரும் கேட்டார்.

சற்று நேரத்தில் யன்னலடிக்கு வந்தார். சால்வையை முண்டாசாகக் கட்டியிருந்தார். பள்ளிக்கூடம் விடுமுறை. “மாமி கவலப்படுறா. போய் வேலியப் பாத்திற்று வாறன். புத்தகத்தையும் கொண்டுபோறன், காவல் வாடியில இருந்து படிக்கலாம்” என்றார். “அம்மாதானே போகவேணாமெண்டு சொன்னா?” என்றேன். “அது அப்ப சொன்னது. இப்ப முடை வந்திற்று, சொல்றா” என்றார். அது எனக்கும் சரியாகத்தான் பட்டது. பிள்ளையின் உள்ளங்காலை யன்னல் கம்பிக்கிடையில் தொட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் தேத்தண்ணி தொடாமல் கிடப்பதைப் பார்த்துவிட்டு அம்மா என்னிடம் வந்து கேட்டார். வயலுக்குப் போனதைச் சொன்னேன். “ஆரு போகச் சொன்ன?”

“நீங்கதானேம்மா. விடியச் சொன்னீங்க.”

அம்மா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். பிறகு, “நான் பசுவுக்குத்தானே புள்ள சொன்னன்” என்றார். “மெய்யாப் பசுவுக்குத்தான் சொன்னன்.”

நாற்பது வருடமாக மாட்டோடு பேசிப் பழகிய மனுசி. மருமகனிடம் சொல்லப் பசுவைச் சாட்டாக வைத்த நாட்களும் உண்டு, பசுவோடு பசுவாகப் பேசிய நாட்களும் உண்டு. எது எதுவென்று கேட்பவர் எப்படிக் கண்டுகொள்வது? அம்மா அன்றே வவுணதீவுப் பக்கம் போன வண்டிக்காரரிடம் சொல்லியனுப்பினார், அவரை உடனே திரும்பி வரும்படி. வண்டிக்காரர் மறுமொழி கொண்டுவந்தார். மாமி கோவிக்க வேண்டாமாம், கதிர் தப்பினதும் வாறாராம். அன்று அம்மா உண்மையில் இட்ட கட்டளை அது ஒன்றுதான். அதை அவர் மாமியின் மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார்.

கதிர் தப்பியது. அவர் வைக்கோல் போட்ட வண்டியில் படுத்தபடி வந்தார். நடுங்கிய நடுக்கத்தில் வாங்கு ஆடியது. அப்போதிக்கரி வைத்தியர் வந்து கொயினா மருந்து கொடுத்தார், அது வயிற்றில் நிற்கவில்லை. துடக்கையும் பாராமல் நான் வெளியே வந்து அவருடைய தலைமாட்டில் இருந்தேன். அம்மா கதவுக்குப் பின்னாலேயே நின்றார், சோறில்லை, நித்திரையில்லை. காய்ச்சல் கூடியபோது அவர் வாய் இங்கிலீசில் பாடம் சொல்லத் தொடங்கியது. வயலுக்குப் போகும்படி மாமி என்னை ‘ரிக்குவெஸ்டட்’. திரும்பத் திரும்ப அதுவே, சொல் பிசகாமல்.

“என்ன புள்ள சொல்றார்?” என்றார் அம்மா.

இரண்டு பக்கச் சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுபோனவள் நான். அன்று, “தண்ணி கேக்கிறார்” என்றேன். அம்மா ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கதவிடுக்கால் நீட்டினார்.

சோதனை நடந்த கிழமை, ஒரு பின்னேரம், அவர் மூச்சு நின்றது. நான் அழவில்லை, கையைப் பிடித்தபடி இருந்தேன். அப்போது கதவு முழுதாகத் திறந்தது. அம்மா படியைத் தாண்டி விறாந்தைக்கு வந்தார். முக்காடு விழுந்து கிடந்தது. அவர் முகத்துக்கு நேரே குனிந்து, இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்து, “எழும்பு மனே” என்றார். “நான்தான் மனே சொல்றன். எழும்பு.”

அதுதான், மகனே என்று கூப்பிட்டு அம்மா அவரிடம் நேராகப் பேசிய முதற் பேச்சு. அவர் அசையவில்லை. அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. சொல்லிவிட்டேன், கொண்டுபோய்ச் சொல்லு என்கிற பார்வை. நான் அவர் காதருகில் குனிந்து, “அம்மா உங்கள எழும்பட்டாம்” என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு அம்மா வாய் திறக்காமலே பால் கறந்தார். மாட்டோடோ பூனையோடோ ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. விறாந்தையில் மறைந்து நிற்கவேண்டிய ஆள் யாருமில்லாதபோதும், பின்னேரமானால் அந்தக் கதவுக்குப் பின்னால் போய்த் தலையைச் சாய்த்து நின்றார், சாகும்வரை நின்றார். கறையில் பெரும்பங்கு அப்போது ஊறியதுதான்.

அன்று பிறந்த மகள் இன்று இங்கிலீஸ் வாத்தியார். அவள் புருசன் என்னோடு நேராகத்தான் பேசுகிறார். “மாமி, தேத்தண்ணி ஊத்துங்க, தல வெடிக்குது” என்று குசினிக்கே வந்து நிற்பார். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது அவர் பேசாமல் இருந்தால்தான் பயமாக இருக்கிறது. போன வருடம் வீட்டுக்கு வர்ணம் பூசியபோது, “இந்தக் கதவையும் சுரண்டிப் பூசிருவமா மாமி?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்காமல் விட்டுவிட்டார், நல்ல பிள்ளை.

நேற்றுப் பின்னேரம் மகள் அதே வாங்கில் இருந்து மறுநாள் பாடத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். பழைய பாடம்தான், கட்டளையும் வேண்டுகோளும். தளபதியும் சிப்பாயும் இவள் புத்தகத்திலும் வருகிறார்கள். “அம்மா, புள்ளையளுக்குக் குடுக்க வீட்டுல பேசிற மாதிரி ஒரு வசனம் சொல்லுங்க” என்றாள். எனக்கு வேறொன்றும் வாயில் வரவில்லை. “எழும்பு மனே” என்றேன்.

அவள் எழுதிக்கொண்டு, “ஒரு தாய் மகனுக்குச் சொல்றாவா? அப்ப ‘ஓர்டர்ட்’ போடலாம், என்ன?” என்றாள்.

நான் கதவைப் பார்த்தேன். “இல்ல புள்ள” என்றேன். “அது கெஞ்சினது.”