வன்னிக் காணிக்காகப் பெரம்பலூரில் ஒரு மனு

தனக்குத் தொடர்பில்லாத மனு வந்தால், அதை உரிய அலுவலகத்துக்கு அனுப்பி மனுதாரருக்கும் தகவல் தர வேண்டும் என்பது விதி. பெரம்பலூர் கலெக்டர் ஆபீஸில் கண்காணிப்பாளராக இருந்தவரை அதைப் பலருக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

மனைவி போனபின் என்னோடு தினமும் பேசியவர் செல்வராணி மட்டும்தான். இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்து எனக்குச் சமைத்துக் கொடுப்பார். அவருடைய தம்பி இலங்கையின் வன்னியில், கண்ணிவெடி அகற்றப்படாத சொந்தக் காணிக்கு வெளியே ஒரு கொட்டிலில் இருந்தான்.

"வெடி எடுக்கிற ஆக்கள் காசில்லையெண்டு நிப்பாட்டிப் போட்டினம், அண்ணை. தம்பி தானே மண்வெட்டியோட இறங்கப் போறானாம்" என்றார் ஒரு காலையில்.

அந்த வேலைக்கு இந்தியா நிதியுதவி தர வேண்டும் என்று மனு எழுதினேன். சொந்த மண்ணில் பயமின்றிக் கால் வைப்பதும் மனித உரிமைதான் என்று ஒரு பத்தி. ஓய்வூதியர் சங்கத்தில் கையெழுத்துக் கேட்டேன்.

"நம்ம டி.ஏ.வே வந்து சேரல. இவரு வெளிநாட்டுக்குக் கேக்குறாரு!" என்றார் தலைவர். டீ கிடைத்தது. மனுவில் என் கையெழுத்து மட்டும் இருந்தது.

திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு வாங்கிய பெண், "இத நேரா டெல்லிக்கே அனுப்பலாமேங்க சார்?" என்றார்.

"மாவட்டம் வழியாப் போறதுதாம்மா முறை" என்றேன். பணியில் இருப்பவனுக்கான முறை அது. என் ஓய்வு ஆணையை நான் சரியாகப் படிக்கவில்லை போலும்.

எங்கள் நடைமுறையில் மனு, மனுதாரரின் முகவரியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும். சில வாரங்களில் வி.ஏ.ஓ. வந்தார்.

"சர்வே நம்பர் சொல்லுங்க சார்."

"நிலம் கடலுக்கு அந்தப் பக்கம், தம்பி."

"அப்ப, இந்தக் கிராமத்துல இல்லன்னு எழுதி முடிச்சிடவா?"

"முடிக்கக் கூடாது. மேல அனுப்பணும்."

"உங்களுக்குத் தெரியாததா சார், மேல இருந்துதான் முடிக்கச் சொல்றாங்க."

முடித்தார்கள். நான் மேல்முறையீடு எழுதிக்கொண்டிருந்தபோது செல்வராணியின் தம்பி காணிக்குள் இறங்கிவிட்டான். இடது கால் போயிற்று.

"அவனுக்கு ஆர் இருக்கினம்? நான் போறன், அண்ணை" என்றார் செல்வராணி. நாடு திரும்பும் அனுமதிக்கான விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். அந்தக் கோப்பு தடங்கலின்றி நகர்ந்தது. கிளம்பும் அன்று, "சாம்பார் நாளைக்கும் கிடக்கு, சூடாக்கிச் சாப்பிடுங்கோ" என்றார்.

பணிக்குப் புதிதாய் வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். முறையான வழி, காத்திருக்க முடிந்தவர்களுக்கு. ஆபத்தில் இருப்பவருக்காக எழுதினால், முடிவெடுப்பவருக்கே எழுதுங்கள்.

அந்தக் காணியில் இன்னும் வெடி இருக்கிறது. அதனால் டெல்லிக்கு நேராக எழுதினேன். கோரிக்கை பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. படித்துக் காட்ட வீட்டில் ஆளில்லை. பழைய வழக்கப்படி உறையின் மூலையில் வரப்பெற்ற நாளைக் குறித்தேன்: ஆடி பத்தொன்பது.