உட்காரணும்னு கட்டாயமில்லை

அவசர சிகிச்சைப் பிரிவில் அவளுக்குக் காத்தாடி என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. அவள் அங்கே செவிலியாகச் சேர்ந்த சில நாட்களிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. விபத்தில் அடிபட்டவர்கள் வரிசையாக வந்து இறங்கினால் மருத்துவர்களின் கண் முதலில் அவளைத்தான் தேடும். ஒரு கை நரம்பைப் பிடித்து ஊசி ஏற்றிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்துக் கட்டிலில் மூச்சு மாறுவது அவள் காதில் விழுந்துவிடும். கூட்டம் இல்லாத மதியங்களில்தான் அவளால் தொல்லை. அடுக்கி வைத்த இழுப்பறையை மறுபடி அடுக்குவாள், பேசுவாள், எழுந்து வாசல்வரை போய் எதற்குப் போனோம் என்று திரும்பி வருவாள். "காத்தாடி, கொஞ்ச நேரம் எங்கயாவது போய் நில்லேன். பாக்கற எனக்குத் தலை சுத்துது" என்பார் தலைமைச் செவிலி.

வீட்டில் அது செல்லப்பெயராக இல்லை. அடுப்பில் பால் வைத்தால் பொங்கி வழிந்து, வற்றி, பாத்திரமும் கருகிய பிறகுதான் அவளுக்கு நினைவு வரும். துவைத்த துணி இயந்திரத்துக்குள்ளேயே கிடந்து நாற்றமெடுத்து, மறுபடி துவைபடும். கணவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். சாவிக்கு ஒரு ஆணி, குடைக்கு ஒரு மூலை என்று வாழ்கிறவர். ஆரம்பத்தில் சிரித்தார். பிறகு அவள் போட்டது போட்டபடி விட்டதையெல்லாம் பேசாமல் எடுத்து வைக்க ஆரம்பித்தார். அவர் திட்டினால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றும்.

அவளுக்கு மட்டும் விடுப்பாக இருந்த ஒரு நாள் மதியம் சமையலறைத் தொட்டியில் அடைப்பானைப் போட்டுப் பாத்திரம் ஊறத் தண்ணீர் திறந்தாள். அக்காவிடமிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே கூடத்துக்கு வந்தவள் கண்ணில் திரைச்சீலைக் கம்பி ஆடுவது பட்டது. திருகாணி தேடினாள், கிடைக்கவில்லை. வாங்கி வரலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கடையில் இன்னும் நாலு சாமான் வாங்கித் திரும்பியபோது, கீழ்வீட்டுப் பெரியவர் அவள் வீட்டு வாசலில் நின்றிருந்தார். தலையெல்லாம் வெள்ளைத் தூசி.

"என் வீட்டுக்குள்ள மழை பெய்யுதும்மா" என்றார்.

தொட்டி வழிந்து தண்ணீர் தரையில் இறங்கிக் கீழ்வீட்டுக் கூரைப் பூச்சை ஊறவைக்க, அது ஒரு பெரிய பாளமாக அவர் கட்டிலின் மேல் பெயர்ந்து விழுந்திருந்தது. வழக்கமாக அவர் தூங்கும் நேரம் அது. யாரோ பார்சல் கொடுக்க மணி அடித்ததால் எழுந்து வாசலுக்குப் போயிருக்கிறார். தலையணை இருந்த இடத்தில் கிடந்த சிமெண்ட் பாளத்தை அவள் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். அந்தக் கனம் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அப்படி வந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள்.

பள்ளியிலிருந்து மகளோடு திரும்பிய கணவர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரை வழித்துத் தள்ளினார். மகள் மெதுவாகக் கேட்டாள்: "அந்தத் தாத்தா செத்துப்போயிருப்பாராப்பா?"

"உங்கம்மாவக் கேளு."

பிறகு ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே மனைவியிடம் சொன்னார்: "வார்டுல என்னிக்காவது ஒரு மருந்த மறந்திருக்கியா? இல்லல்ல? அங்க இருக்கற அக்கறை இங்க இல்ல. அவ்வளவுதான்."

அவள் இன்னொரு துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள். அந்த வித்தியாசம் ஏனென்று அவளுக்கே புரியவில்லை.

அவர் ஏற்பாட்டில்தான் முதலில் ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கப் போனாள். பெரிய சாய்வு நாற்காலி, ஊதுவத்தி வாசனை, டிக் டிக்கென்று ஒரு சுவர்க் கடிகாரம். கண்ணை மூடி ஓடுகிற ஆற்றை நினைக்கச் சொன்னார். தண்ணீர் என்றதும் அவளுக்குப் பெரியவரின் கட்டில்தான் வந்தது. கால் ஆடியது.

"காலை ஆட்டாம உட்காருங்க. என்னைப் பாத்துப் பேசுங்க" என்றார் ஆலோசகர். "நீங்க ஒத்துழைக்க மாட்டேங்கறீங்க. மனசு வெச்சா முடியாதது இல்ல."

மனசு வைப்பது! சின்ன வயதிலிருந்து எத்தனை வாயிலிருந்து கேட்ட வார்த்தை. வகுப்பில் பாதி நேரம் வெளியே நின்றதெல்லாம் அந்த மனசு வைக்காததற்காகத்தான். சில வாரம் போனாள். அவர் செய்யச் சொன்னதைச் செய்ததாகப் பொய் சொன்னாள். பிறகு நின்றுவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் நிலைமை மோசமானது. சந்தேகம் வார்டுக்குள்ளும் நுழைந்தது. ஏற்றிய மருந்தைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தாள். வேலை முடிந்து பாதி வழி போய், ஏதோ திறந்தே கிடக்கிறது என்று தோன்றித் திரும்பி ஓடி வந்தாள். அவள் ஒரே கட்டிலுக்கு மூன்றாவது தடவை போவதைப் பார்த்த இயன்முறை மருத்துவர், அவளுடைய தோழி, ஓரமாக இழுத்துப்போய்ச் சொன்னாள்: "இன்னொரு ஆள் இருக்காங்க. ஒரு தடவை போய்ப் பாரு. பிடிக்கலைன்னா போகாத."

அந்த ஆலோசகரின் அறை ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில் இருந்தது. நடுத்தர வயதுப் பெண்மணி. வந்ததும் பிரச்சினையைக் கேட்கவில்லை.

"இந்த லைட் கண்ணைக் கூசுதா? கீழ பல் மெஷின் சத்தம் மேல வரும். தொந்தரவா இருந்தா அந்தப் பக்க ரூமுக்குப் போயிடலாம்."

"பரவால்ல மேடம்."

"சரி. உட்காரணும்னு கட்டாயமில்லை. நடந்துகிட்டே பேசலாம். என் முகத்தப் பாத்துதான் பேசணும்னும் இல்ல."

இது ஏதோ பரீட்சை என்று நினைத்துக் கொஞ்ச நேரம் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். பிறகு முடியவில்லை. எழுந்து ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். அந்த அம்மாள் எதையும் குறித்துக்கொள்ளவில்லை, முகம் மாறவும் இல்லை. பேச்சு குழாயிலிருந்து அக்காவுக்கும், அக்காவிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும், அங்கிருந்து வார்டில் உடைந்துபோன தள்ளுவண்டிச் சக்கரத்துக்கும் தாவியது.

"குழாய்ல ஆரம்பிச்சோம். அங்க திரும்பிப் போகணுமா, இல்ல சக்கரமே ஓடட்டுமா?" என்று கேட்டார் ஆலோசகர்.

காத்தாடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேச்சை விட்ட இடத்தை யாரும் அவளிடம் இப்படித் திட்டாமல் எடுத்துக் கொடுத்ததில்லை.

"வார்டுல எப்படி மறக்காம இருக்கீங்க?"

"நான் எங்க மேடம் ஞாபகம் வெச்சுக்கறேன்? மருந்து இறங்கறது நின்னுபோனா மெஷின் கத்தும். மருந்து எடுக்கறப்ப ஒருத்தர் சத்தமா சொல்லுவாங்க, இன்னொருத்தர் திருப்பிச் சொல்லுவாங்க. எல்லாம் கண்ணு முன்னாடியே தொங்கும்."

"வீட்ல?"

"வீட்ல எல்லாமே என் தலைக்குள்ளயே இருந்தாகணும்." சொல்லிவிட்டு அவள் நடப்பதை நிறுத்தினாள்.

ஆலோசகர் அதற்குப் பாடம் எதுவும் நடத்தவில்லை. சில சந்திப்புகளுக்குப் பிறகு மட்டும் சொன்னார்: "நீங்க சொல்றதுக்கெல்லாம் ஒரு பேர் இருக்கலாம். அதைச் சொல்ல நான் ஆள் இல்ல, மனநல மருத்துவர் பாத்துச் சொல்லணும். தெரிஞ்சுக்கணுமா வேண்டாமாங்கறது உங்க இஷ்டம். வேண்டாம்னாலும் நாம பேசலாம்."

அவள் போனாள். ஏடிஎச்டி என்றார் மருத்துவர். கவனம் இல்லாத மூளை இல்லை, கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்திவைக்கச் சிரமப்படும் மூளை; பிறவியிலேயே அப்படி; அவசரம் என்றால் விழித்துக்கொள்ளும், அன்றாடத்தில் நழுவும் என்றார். நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள். பேருந்தில் வரும்போது வந்தது கோபம். வகுப்புக்கு வெளியே நின்ற அந்தச் சின்னப் பெண்ணை நினைத்து உடம்பெல்லாம் கொதித்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் விட்டுவிட்டாள். அக்காவுக்குப் போன் செய்தாள்.

"பேரு வெச்சுட்டா எல்லாம் சரியாயிடுமாடி?" என்றாள் அக்கா. பட்டென்று போனை வைத்துவிட்டாள் இவள்.

ஆலோசகரிடம் போய் அந்தக் கோபத்தையெல்லாம் கொட்டினாள். 'இப்பவாவது தெரிஞ்சுதே, நல்லதுதானே' என்று அந்த அம்மாளும் சொல்லிவிடுவார் என்று பயந்தாள். "கோபம் வராம இருந்தாத்தான் ஆச்சரியம்" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். கீழே பல் மெஷின் விட்டுவிட்டு இரைந்தது. அவள் நடந்தாள், அழுதாள், நடந்தாள்.

கணவரையும் கூட்டி வந்த நாளில்தான் கோளாறு நடந்தது. அவர் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, அவள் அங்கே இல்லாததுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆலோசகர் முதலில் இரண்டு தடவை குறுக்கிட்டு, "இதை இங்க பேசலாமா?" என்று இவளைக் கேட்டார். ஆனால் வாத்தியார் நல்லவர், விளக்கமாகப் பேசுகிறவர். பேச்சு மெல்ல அவர்கள் இருவருக்குள் போய்விட்டது. "காலைல கிளம்பறப்ப நீங்களே ஒரு தடவை அடுப்பு, குழாய் எல்லாம் பாத்துடலாம். சாயந்திரம் ஒரு தடவை நினைவுபடுத்தலாம்" என்றார் ஆலோசகர். வாத்தியாரும் தலையாட்டினார்.

"நான் என்ன கட்டில்ல படுத்திருக்கற பேஷண்டா?" என்றாள் காத்தாடி. குரல் அவளே எதிர்பாராத அளவுக்கு உயர்ந்தது. "ரெண்டு பேரும் சேந்து எனக்கு டியூட்டி போடறீங்களா? வீட்ல எனக்கு இன்னொரு மேலதிகாரி வேண்டாம்." பையை எடுத்துக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கிப் போய்விட்டாள்.

ஆலோசகர் பின்னால் ஓடி வரவில்லை. மறுநாள் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். "உங்களைப் பத்தி உங்களை விட்டுட்டு முடிவெடுத்துட்டேன். தப்பு என்னோடது. வர விருப்பம் இருந்தா வாங்க. வேற ஆள்கிட்ட போகணும்னா நம்பர் தர்றேன்."

அவள் அந்தச் செய்தியைப் படிப்பாள், போனை வைப்பாள், மறுபடி எடுப்பாள். ஆஸ்பத்திரியில் இத்தனை வருடத்தில் எந்தப் பெரிய மருத்துவரும் 'தப்பு என்னோடது' என்று எழுதி அவள் பார்த்ததில்லை. ஒரு வாரம் இருப்புக் கொள்ளாமல் அலைந்துவிட்டுப் போனாள். ஆலோசகர் சுற்றி வளைக்காமல் நேரில் ஒருமுறை மன்னிப்புக் கேட்டுவிட்டு, "இப்ப சொல்லுங்க, வீட்ல எது மாறினா உங்களுக்கு உதவியா இருக்கும்?" என்றார்.

"ஆள் வேண்டாம். சாமான் மாறணும்."

அன்று மாலையே கடைக்குப் போய், அழுத்தினால் தண்ணீர் வந்து தானாக மூடிக்கொள்ளும் குழாய் ஒன்றை வாங்கி வந்தாள். பொது இடங்களில் இருப்பது. "இது வீடா ஆஸ்பத்திரியா?" என்றார் கணவர். மகள் அதை அழுத்தி அழுத்தி விளையாடினாள். வெளியே கிளம்பும்போது காத்தாடி வார்டில்போலவே "அடுப்பு அணைச்சாச்சு!" என்று சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். "கேட்டுச்சு!" என்று மகள் கத்துவாள். வாத்தியார் கொஞ்ச நாள் கூச்சத்தில் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் மகள் பள்ளிக்குப் போய்விட்டிருந்தபோது, உள்ளறையிலிருந்து மெதுவாக "கேட்டுச்சு" என்று வந்தது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. துணி இன்னமும் இயந்திரத்தில் நாறுகிறது. போனில் வைத்த அலாரங்களை அவளே அணைத்துவிட்டு மறந்தாள். ஆனால் ஏற்றிய மருந்தைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது நின்றுவிட்டது.

தலைமைச் செவிலி ஓய்வுபெறும் சமயம் வந்தபோது, மருத்துவமனைக் கண்காணிப்பாளர் காத்தாடியைத்தான் கூப்பிட்டார். அந்த நாற்காலி இனி அவளுக்கு. கணவருக்கு ஒரே சந்தோஷம். அக்காவே போன் செய்து வாழ்த்தினாள். அது நாள் முழுக்க மேசையில் உட்கார்ந்து ஆள் ஒதுக்கீடு, விடுப்பு, கணக்கு பார்க்கும் வேலை. காத்தாடி நேராக ஆலோசகரிடம் போனாள்.

"நீங்க என்ன நினைக்கறீங்க மேடம்?" என்று ஆலோசகரைக் கேட்டாள்.

"எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கு. அதை முன்னாடியே சொன்னா உங்களோடது அமுங்கிப்போயிடும். நீங்க முதல்ல சொல்லுங்க."

அவள் நடந்தாள். ஜன்னலில் நின்றாள். முடியாது என்பதாலா வேண்டாம் என்கிறேன், பிடிக்காது என்பதாலா என்று அங்கேயே சத்தமாக யோசித்தாள். கொஞ்சம் அதுவும் கொஞ்சம் இதுவும்தான். அதிலே என்ன வெட்கம் என்று கடைசியில் கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கண்காணிப்பாளரிடம் போய், அந்த நாற்காலி வேண்டாம், புதிதாக வரும் செவிலிகளைக் கட்டிலருகே பழக்கும் பொறுப்பைக் கொடுங்கள் என்றாள். அவர் திகைத்தார். "அவசரப்படாதீங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன் சார். ரொம்ப நேரம். எனக்கே ஆச்சரியமா இருக்கு."

பொறுப்பு கிடைத்தது. வீட்டில் சொன்னபோது கணவர் முகம் வாடிவிட்டது. சாப்பிட்டுவிட்டு இருவரும் தெருவில் நடக்கப் போனார்கள்.

"எனக்கு வருத்தம்தான்" என்றார்.

"தெரியும்."

"சொல்லிருக்கலாம்ல, முடிவெடுக்கறதுக்கு முன்னாடி."

"சொல்லிருந்தா நீங்க நல்லா விளக்கிருப்பீங்க. நான் சரின்னிருப்பேன்."

 அவர் எப்போதும் மெதுவாக நடப்பவர். அவள் தெருமுனை வரை போய்த் திரும்பி அவரிடம் வருவாள், மறுபடி போவாள்.

"அந்தம்மாகிட்ட இன்னும் போவியா?"

"போவேன். நீங்க வரணும்னு தோணினா நானே கூப்பிடறேன்."

"சரி" என்று அவர் சொன்னபோது, அவள் மறுபடி முனைப்பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.