அறுபத்து மூன்று கிலோவும் இரண்டு கார்களும்

எங்கள் அலுவலகத்தில் அவரைக் கிராம் சார் என்றுதான் கூப்பிடுவோம், முகத்துக்கு நேராகவே. கடைத் தராசிலிருந்து லாரியை அப்படியே ஏற்றி நிறுக்கும் எடைமேடை வரை சோதித்து முத்திரை வைப்பது எங்கள் கம்பெனியின் வேலை. பத்தொன்பது வருடமாக அவர் அதைச் செய்கிறார். அவர் குறித்துக்கொண்டு வரும் அளவுகளை நான் நான்கு வருடமாகச் சான்றிதழாகத் தட்டச்சு செய்கிறேன். எழுதும் ஒவ்வொரு ஏழுக்கும் நடுவில் ஒரு கோடு போடுவார். நான் ஒன்று என்று படித்துவிடக் கூடாதாம்.

இத்தனை வருடமும் அவர் ஓட்டியது ஒரு பழைய வேன். பின்னால் இரும்பு எடைக்கற்கள் நிறைந்திருக்கும் என்பதால் அறுபதைத் தாண்டி ஓட்டியதே இல்லை. சனிக்கிழமைகளில் தூரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகும்போது முன் சீட்டில் அவர் மனைவியும் இருப்பார். எங்களுக்கெல்லாம் அவர் அக்கா. சார் மேடையில் வேலை பார்க்க, அக்கா வேனிலேயே உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பார். ஒரு மணிக்கு இருவருமாக டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். எட்டு மாதத்துக்கு முன் அக்காவுக்கு இடுப்பு மூட்டில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன் பிறகு வேனின் உயரமான படியில் அவரால் ஏற முடியவில்லை. சார் அதைப் பற்றி எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. டிபன் பாக்ஸ் மட்டும் சின்னதாகிவிட்டது.

போன மாதம் மேனேஜர் அவரைக் கூப்பிட்டார். இனி எடைக்கற்கள் லாரியில் போகும், வேனை விற்றுவிடுகிறோம், உங்களுக்குக் கம்பெனி கார் என்றார். விற்பனைப் பிரிவை மூடியபோது அங்கிருந்த இரண்டு ஸ்போர்ட்ஸ் கூபேக்கள் மிஞ்சியிருந்தன. இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, நீண்ட மூக்கு. ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல் நிறம்.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள எதுன்னு சொல்லிடுங்க. இன்னொண்ணு திரும்பப் போகுது."

"நாலு கதவு வெச்சது எதுவும் இல்லையா சார்?"

"இருக்கறது இது ரெண்டுதான். வேணாம்னா லாரியில போங்க."

"என் பக்கத்துலயா?" என்றார் வாசலில் நின்ற லாரி டிரைவர். "நான் வழியெல்லாம் பாடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

கிராம் சார் சிரிக்கவில்லை. தன் மேஜைக்கு வந்து ஒரு அட்டையில் 46 என்று எழுதினார். என்ன சார் என்று கேட்டேன். தரையிலிருந்து அக்காவின் முழங்கால் வரை நாற்பத்தாறு சென்டிமீட்டர். உட்காரும்போது இடுப்பு அதற்குக் கீழே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"வேன் உயரம்னு ஏற முடியல. இது பள்ளத்துல கிடக்கு. நடுவுல ஒண்ணை எவனாச்சும் செஞ்சானா பாரு."

திங்கட்கிழமை இரண்டு கார்களையும் ஓட்டிப் பார்த்தார். சாம்பலில் ஒரு சுற்று. சிவப்பில் மூன்று சுற்று. இறங்கியபோது காது மடல் சிவந்திருந்தது. கதவை மூடிய பிறகும் கையைக் கூரையிலிருந்து எடுக்கவில்லை. பிறகு டேப்பை எடுத்தார். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டை முடிந்தவரை உயர்த்திவிட்டுத் தரையிலிருந்து அளந்ததில் சிவப்பு நாற்பத்தெட்டு, சாம்பல் நாற்பத்தேழு.

"சிவப்புதான்மா! ஒரு சென்டிமீட்டர் கூடவே இருக்கு." அன்று மாலைக்குள் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. காவலாளிகூட, "சார், எப்ப ரேஸ்?" என்று கேட்டார்.

எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. மறுநாள் ஒரு சான்றிதழைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். 'சுமையின்றி எடுத்த அளவு செல்லாது' என்ற வரி எங்கள் எல்லாச் சான்றிதழ்களிலும் அச்சாகி வரும். அந்த வரியைச் சேர்க்கச் சொன்னதே அவர்தான். அதைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் கேட்டேன்.

"சார், சீட்டைக் காலியாவே அளந்தீங்களா?"

நிமிர்ந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை.

"பத்தொன்பது வருஷத்துல ஒரு தராசைக்கூட காலியா பார்த்து கையெழுத்துப் போட்டதில்ல," என்றார் மெதுவாக.

வியாழக்கிழமை மதியம் லாரியிலிருந்து கற்கள் இறங்கின. சீட்டில் அழுக்குப் படாமல் துண்டை விரித்து, இருபது கிலோ கல் மூன்று, ஒரு கிலோ கல் மூன்று என்று அடுக்கினார்.

"அறுபத்து மூணா?" என்றார் டிரைவர். "அக்கா எடையா? அவங்களைக் கேட்டுட்டுதான் இதை ஊருக்கெல்லாம் காட்டறீங்களா?"

"நீ வாயை மூடிட்டு கல்லைத் தூக்கு."

சிவப்பின் சீட் மெத்துமெத்தென்றிருந்தது. கற்களோடு சேர்ந்து நாற்பத்திரண்டுக்கு இறங்கிவிட்டது. கற்களை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார். அப்போதும் நாற்பத்திரண்டு. மூன்றாவது முறையும் அதேதான். எந்த அளவையும் மூன்று தடவை எடுக்காமல் அவர் எழுத மாட்டார். சாம்பலின் சீட் கெட்டியாக இருந்தது. மூன்று தடவையும் நாற்பத்தாறில் நின்றது.

"சிவப்புல ஒரு குஷன் போட்டுக்கலாமே," என்றார் டிரைவர்.

"கூரை தலையில இடிக்கும்பா." கற்களோடு எடுத்த அளவுகளை அட்டையில் எழுதினார். ஏழே இல்லாத அட்டை அது. ஆனாலும் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. அக்கா கைத்தடியோடு இறங்கினார். சார் ஓடிப்போனார்.

"நீ எதுக்கு வந்த?"

"ஆளு உயிரோட இருக்கும்போது இரும்பை உட்கார வெச்சு அளந்தீங்களாமே. அறுபத்து மூணாம்! அது ஆஸ்பத்திரியில போட்ட எடை. இப்ப அறுபதுதான்." டிரைவர் லாரிக்குப் பின்னால் நழுவினார். "எங்க அந்த சிவப்பு வண்டி?"

"அதை விடு. சாம்பல்னு முடிவு பண்ணியாச்சு."

"திங்கக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது அந்த சிவப்பைப் பத்தியே பேசினீங்க. செவ்வாய்க்கிழமையிலிருந்து பேச்சே இல்ல. நான் என்ன முட்டாளா? கதவைத் திறங்க."

திறந்தார். அக்கா கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து, கால்களை ஒன்றாக உள்ளே திருப்பினார். "சொகுசா இருக்குங்க." கூரை விளிம்பைப் பிடித்து எழுந்தார். முகம் சிரித்தபடியே இருந்தது. "பார்த்தீங்கல்ல? எழுதுங்க, சிவப்புன்னு."

சார் அட்டையை எடுக்கவில்லை. "இன்னும் ரெண்டு தடவை," என்றார்.

"நான் என்ன தராசா?"

"ரெண்டே தடவை."

இரண்டாவது முறை எழும்போது அக்காவின் விரல் நுனிகள் வெளுத்திருந்தன. மூன்றாவது முறை உட்கார்ந்தவர் எழவில்லை. முன்கண்ணாடி வழியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாங்க," என்றார். "நீங்க பத்தொன்பது வருஷம் அறுபதுலயே ஓட்டினீங்க. அதான் சிவப்பே இருக்கட்டும்னு பார்த்தேன்."

சார் குனிந்து, இரண்டு கைகளையும் அவர் அக்குளுக்குக் கீழே கொடுத்துத் தூக்கினார். எடைக்கல்லைத் தூக்கும்போது வரும் மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. "சாம்பலும் வேகமாத்தான் போகும்," என்றார். "நீ பக்கத்துல உட்கார்ந்து திட்டணும். அவ்வளவுதான்."

சாம்பலில் மூன்று தடவையும் எழுந்தார், மூன்றாவது முறை சாரின் தோளைப் பிடித்துக்கொண்டு. நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மேனேஜரின் படிவத்தை நிரப்பினேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "சுமையோட சரியா இருக்குன்னு எழுதும்மா," என்றார் சார்.

அடுத்த சனிக்கிழமை ஒரு உரக்கிடங்கின் எடைமேடைக்குப் போனோம். முத்திரைப் பெட்டியும் காகிதங்களும் மடியில் இருக்க, சாம்பல் காரின் குறுகலான பின் சீட்டில் முழங்காலை முகவாயில் முட்டவைத்து நான் உட்கார்ந்திருந்தேன். முன்னால் பெரிய டிபன் பாக்ஸும் ஸ்வெட்டர் பையும் இருந்தன. நெடுஞ்சாலையில் ஒரு இடத்தில் முள் தொண்ணூறைத் தொட்டது. அக்கா அவர் தொடையில் ஒரு தட்டு தட்டினார். முள் எண்பதுக்கு வந்தது.

கற்கள் வைப்பதற்கு முன் மேடை பழகுவதற்காக ஒரு வண்டியை மூன்று தடவை ஏற்றி இறக்குவார்கள். லாரி இன்னும் வரவில்லை. சார் காரையே ஏற்றலாம் என்று திருப்பினார். மேடைக்கு அந்தப் பக்கம், எடையைக் காட்டும் பெரிய பலகையில் சிவப்பு எண்கள் மினுங்கின.

"நிறுத்துங்க," என்றார் அக்கா. "நான் இறங்கிக்கறேன்."

"ஏன்?"

"அந்த போர்டுல என் எடையும் சேர்ந்து வரும்."

"கார் ஆயிரத்து ஐநூறு கிலோ. பின்னால இந்தப் பொண்ணு வேற. இதுல உன்னை யார் பிரிச்சுப் பார்க்கப் போறா?"

"நீங்க பார்ப்பீங்க."

அக்கா கதவைத் திறந்தார். கால்களை வெளியே திருப்பினார். சார் தன் பக்கத்துக் கதவைத் திறக்கப் போவதற்குள் எழுந்து நின்றுவிட்டார். கைத்தடி உள்ளேயே சாய்ந்துகிடந்தது. நான் நீட்டினேன். வாங்கிக்கொண்டு, கிடங்கின் நிழலைப் பார்த்து நடந்தார்.

சார் காரை நகர்த்தவில்லை.

"பிடிச்சாளாம்மா எதையாச்சும்?"

"கதவை மட்டும் சார்."

"எத்தனை செகண்டு ஆச்சு?"

"பார்க்கலையே சார்."

"பரவாயில்ல," என்று கியரைப் போட்டார். "சாப்பிட ஏறி இறங்குவா, அப்புறம் வீட்டு வாசல்ல இறங்குவா. இன்னும் ரெண்டு தடவை இருக்கு."