ஒரு ஜாடி, உயிருடன்

புதிதாகத் திவால் வழக்குகளை எடுக்கத் தொடங்கியிருக்கும் இரண்டு வக்கீல்கள் போன வாரம் வந்தார்கள். வக்கீல் அக்கா ஏதாவது கையேடு எழுதி வைத்திருக்கிறாளா என்று கேட்டார்கள். இழுப்பறைகளைத் திறந்து காட்டினேன். ரப்பர் முத்திரை, மூன்று மூக்குக்கண்ணாடிகள், எப்போதோ வாங்கிய இருமல் மிட்டாய். வேறொன்றும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் அவளுக்குக் குமாஸ்தாவாக இருந்தவன் நான். அவள் இறந்துபோய் மூன்று மாதம் ஆகிறது. தெரிந்ததை எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எழுத உட்கார்ந்தால் அந்த ஜாடிதான் முன்னால் வந்து நிற்கிறது.

அது அவளுடைய மூன்றாவது வழக்கு. ரொட்டிக்கடைக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் கடனில் மூழ்கி, திவால் மனு போட வந்திருந்தார்கள். அக்கா அச்சடித்த படிவத்தை முன்னால் வைத்து வரிசையாகக் கேட்டாள். வீடு? வாடகை. வண்டி? விற்றாயிற்று. அடுப்பு, மேசை, தராசு எல்லாம் எழுதினோம். இதைத் தவிர வேறு சொத்து இல்லை என்று இருவரும் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார்கள். கோர்ட் கடைக்குச் சீல் வைத்தது. ஒரே ஒரு விசாரணைதான் பாக்கி. அது நல்லபடி முடிந்தால் பழைய கடன்களிலிருந்து விடுதலை. எதையாவது மறைத்ததாகத் தெரிந்தால் விடுதலை கிடையாது. கடன் சாகும்வரை துரத்தும்.

விசாரணைக்கு முந்தின நாள் காலை, ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்ததால் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா சமையலறையில் ஒரு கண்ணாடி ஜாடிக்குள் மாவு போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தார். கூடவே அதனிடம் ஏதோ கொஞ்சிப் பேசிக்கொண்டும் இருந்தார்.

"இது என்னங்க?" என்றாள் அக்கா.

"புளிச்ச மாவு மேடம். இதுல ஒரு கை எடுத்துப் போட்டாத்தான் ரொட்டி உப்பும். பத்தொம்பது வருஷமா வெச்சிருக்கேன். தினம் தீனி போடலேன்னா செத்துப்போயிடும்."

"கடையில இருந்ததா?"

"ஆமா. சீல் வைக்க வர்றதுக்கு முன்னாடி துணிப்பையில போட்டுத் தூக்கிட்டு வந்துட்டேன்."

அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாவுதானே மேடம்! எவன் கேக்கப்போறான்?" என்று சிரித்தார் ரொட்டிக்கடைக்காரர்.

"உங்களுக்கு மாவு கடன் குடுத்த வியாபாரியோட வக்கீல் கேப்பாரு. கேக்கிறதுக்கு முன்னாடி நாமளே சொன்னா அது மறந்துபோனது. கேட்ட பிறகு சொன்னா மறைச்சது. தப்பு என்னோடதுதான். படிவத்தைப் பாத்தே கேட்டுட்டு இருந்தேன்."

"அப்போ இதைப் புடுங்கிட்டுப் போயிடுவாங்களா?" அந்த அம்மா ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"போனாலும் போகலாம்" என்றாள் அக்கா. பொய் சொல்லித் தேற்றுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அன்றைக்கே திருத்திய பட்டியலைத் தாக்கல் செய்தோம். 'புளித்த மாவு, ஒரு ஜாடி' என்று நான் தட்டச்சு செய்ததும், அக்கா பேனாவை எடுத்துப் பக்கத்தில் 'உயிருடன்' என்று சேர்த்தாள்.

"ஏன்க்கா இந்தக் குறும்பு?"

"குறும்பு இல்லடா. எடுத்துட்டுப் போறவங்க தீனி போட வேணாமா?"

மறுநாள் கோர்ட்டில் ஜாடி மேசைமேல் உட்கார்ந்திருந்தது. நல்ல புழுக்கம், மின்விசிறி வேறு ஓடவில்லை. மாவு வியாபாரியின் வக்கீல் எழுந்து, மறைத்தார்கள், பயந்துபோய் இப்போது நீட்டுகிறார்கள் என்று விரலை ஆட்டி ஆட்டிப் பேசினார். பேசப்பேச மூடி மெல்ல மேலே போவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். 'டப்' என்று ஒரு சத்தம். மூடி தெறிக்க, மாவு பொங்கி வழிந்து அவருடைய ஃபைல்மேல் படர்ந்தது.

"ஐயோ, காலையில பதட்டத்துல ரெண்டு கை அதிகமா போட்டுட்டேன்!" என்று முந்தானையோடு ஓடி வந்தார் அந்த அம்மா.

நீதிபதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "வக்கீல் சார், சாட்சி தானாவே எழுந்து வருதே. சரி, இதை ஏலம் விட்டா யாரு எடுப்பீங்க?"

மாவு வியாபாரியே பின்னாலிருந்து எழுந்தார். "தினம் தீனி போட என்னால ஆகாதுங்க. அவங்களே வெச்சுக்கட்டும். ரொட்டி சுட்டாத்தானே என்கிட்ட மாவு வாங்குவாங்க?"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க!" என்று அவருடைய வக்கீல் மாவுக் கையால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள், ஆகவே மறைப்பு இல்லை என்று தீர்ப்பானது. ஜாடி பிழைப்புக்கு வேண்டிய சின்னத் தொழில் சாமான், அவர்களிடமே இருக்கலாம். கடன்களிலிருந்து விடுதலை. ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்ததில் என் ஒரே நல்ல சட்டையும் மாவானது.

அதற்குப் பிறகு, வந்தவர்களின் வீட்டுக்கும் கடைக்கும் போய்ப் பார்க்காமல் அக்கா ஒரு பட்டியலும் எழுதியதில்லை. படிவத்தைப் பையிலேயே வைத்துவிடுவாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "காலையில எழுந்ததும் கை முதல்ல எதைத் தேடும்?" தொழில் சாமான் பெரும்பாலும் அந்தப் பதிலிலேயே வந்துவிடும். ஒரு கிழவர் மட்டும் பல் செட் என்றார்.

"அதையும் எழுதணுமா மேடம்?"

"எழுதிடுவோம். எவனும் ஏலம் கேக்க மாட்டான்."

வழக்கு முடிந்த வாரம் அந்த அம்மா ஒரு கரண்டி மாவைச் சின்ன ஜாடியில் கொண்டுவந்து கொடுத்தார். இன்றைக்கும் அது அலுவலகத்தில் இருக்கிறது. அக்கா தினமும் தீனி போட்டாள். இப்போது நான் போடுகிறேன். அளவு இன்னும் கைக்கு வரவில்லை. போன மாதம் ஒரு முழு ஃபைலை நாசமாக்கினேன், தனியாக நின்று சிரித்தேன்.

கேட்டு வந்த வக்கீல்களே, அடுத்த முறை வரும்போது ஆளுக்கொரு காலி ஜாடி கொண்டு வாருங்கள். மூடி இறுக்கமாக இல்லாததாகப் பார்த்து.