நான் மாட்டிய சிவப்பு அட்டை

ஓய்வு பெற்ற பிறகும் சுரங்க அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஷிப்ட் பட்டியல் போடும் மென்பொருளைப் புதிய சர்வருக்கு மாற்றுகிறார்களாம். நிரலின் ஒரு வரியில் வேலை நின்றுவிட்டது. அது நான் எழுதிய வரி.

நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் அந்தக் காலத்துக் கம்பைலரில், பெரிய எண்களை வகுப்பதற்கான துணைக்கோப்பு விடுபட்டிருந்தது. நானே ஒன்றை எழுதி, நிரலைத் தொகுக்கும் பில்டில் ஒரு வரியாகக் கையால் சேர்த்தேன். மேலே குறிப்பும் போட்டேன்: 'என்னைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.' சுரங்கத்தில் மோட்டாரைப் பழுது பார்ப்பவர், யாரும் மின்சாரம் போட்டுவிடாமலிருக்க ஸ்விட்சில் சிவப்பு அட்டை மாட்டுவார். மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். உயிர் காக்கும் விதி. அதைக் கம்ப்யூட்டர் பிரிவிலும் கொண்டுவந்து வைத்தோம். அங்கே யாருக்கும் ஷாக் அடித்ததில்லை.

பார்வையாளர் பாஸ் வாங்கி உள்ளே போனேன். இந்த மாற்றத்தைச் செய்யும், முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வரும் கான்ட்ராக்ட் பெண் காத்திருந்தாள். அன்று மாலைக்குள் மாற்றம் முடிந்து காகிதம் மேலே போனால்தான் அவளுக்குக் கான்ட்ராக்ட் நீட்டிப்பு.

"ரெண்டு வாரமா இதையே பாத்துகினு இருக்கேன் சார். புது கம்பைலர்லயே அது இருக்கு. உங்களுதும் சேர்ந்து ரெண்டும் முட்டிக்குது. எடுக்கலாம்னா, போட்டவரு வரட்டும்ங்கிறாரு எங்க ஆபீசரு."

"போட்டவன் செத்திருந்தா?"

"அதுக்கும் ஒரு ஃபார்ம் இருக்காம் சார்."

இருக்கிறது. அதைத் தயாரித்தவனும் நான்தான்.

வரியை அழித்தேன். பில்ட் ஓடி முடிந்தது. போன மாதப் பட்டியலைப் போட்டு ஒப்பிட்டாள். ஓர் ஆளுக்குக்கூட ஷிப்ட் மாறவில்லை. அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்தாள்.

வரியை நீக்கியதற்கான படிவத்தில் 'நீக்கும் காரணம்' என்றொரு கட்டம். நான் உண்மையை எழுதினேன்: 'அடுத்த கம்பைலரிலேயே குறை சரிசெய்யப்பட்டது. அப்போதே எனக்குத் தெரியும். மூன்று கையெழுத்துக்கு அலைய அலுத்து, வரியை எடுக்காமல் விட்டுவிட்டேன்.'

படித்தவள் முகம் மாறியது. "சார், இப்படி எழுதுனா விளக்கம் கேட்டுத் திருப்பிடுவாங்க. இன்னைக்குப் போவாது."

எந்த விதியின் கீழ் திருப்புவார்கள் என்பதுகூட எனக்குத் தெரியும். அடித்தல் திருத்தல் உள்ள படிவம் செல்லாது என்பதால் புதிதாக ஒன்று கேட்டேன். 'தேவையில்லை' என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டேன். ஆபீசர் கிளம்ப இருபது நிமிடம் இருந்தது. காகிதத்தைப் பறித்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?