பாசியும் நெல்லும்

ஐந்தருவிப் பக்கம் ஈரப்பாறையில் படர்ந்திருந்த, குட்டி இலைகள் கொண்ட பாசியை ஆய்வுக்காகச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அங்கே போலீஸ் பணியிலிருந்த என் அக்கா ஓடிவந்தாள். "ஏட்டி, வழுக்கி விழவா? அதுல என்னத்தத் தேடுத?"

மரபணுக்களைச் செயல்படவிடாமல் அடக்கிவைக்கும் சின்னஞ்சிறு ஆர்என்ஏ ஒன்றைத் தேடுவதாகச் சொன்னேன்.

சில மாதங்களில் முடிவு வந்தது. கீழப்பாவூரில் எங்கள் வயல் நெல்லின் இலைக்கு வடிவம் தரும் அதே ஆர்என்ஏ, பாசியிலும் தன் வேதி எழுத்து வரிசை கிட்டத்தட்ட மாறாமல் இருந்தது. இரண்டும் பிரிந்து பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. அது மாறிப்போன செடிகள் ஒழுங்காக இலைவிட முடியாமல் அழிந்திருக்க வேண்டும்; அதனால்தான் அது மாறாமல் நிலைத்திருக்கிறது.

அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அப்போ நெல்லும் பாசியும் சொந்தக்காரங்களாட்டி?"

"ஆமாக்கா, ரொம்பத் தூரத்துச் சொந்தம்."

அவள் சிரித்தாள். எனக்கோ கணினித் திரையிலிருந்த அந்தச் சிறு எழுத்து வரியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.