சூரியனைக் கேட்கப் போனோம்

காலை நாலு மணிக்குத் தியாகராய நகரில் ஜட்கா ஏறினேன். சாந்தோம் வழியாக அடையாறு கடற்கரைக்குப் போய்வர மூன்று ரூபாய் என்று வண்டிக்காரர் காசிம் பாய் கறாராகச் சொல்லிவிட்டார். யுத்தம் முடிந்து இரண்டாவது வருஷம். குதிரைக்குப் புல் விற்கிற விலை அப்படி. சூரியோதயம் பார்க்க ஜனங்கள் கன்னியாகுமரி வரை போகிறார்கள். நான் போனது சூரியனைக் கேட்க. சயன்ஸ் வாத்தியாருக்கு இந்தப் பித்துகூடப் பிடிக்காவிட்டால் எப்படி?

நாலரைக்குச் சாந்தோம். ரேடியோ ரிப்பேர் செய்யும் அந்தோணியும் அவர் மனைவி பிலோமினாவும் தெருமுனையில் நின்றிருந்தார்கள். காலடியில் ஒரு கார் பாட்டரி, மூர் மார்க்கெட்டில் வாங்கிய பட்டாளத்து ரிசீவர், மூங்கிலில் பித்தளைக் கம்பிகளை மீன்முள் மாதிரி கட்டிய ஏரியல்.

"இன்னா நைனா, வானத்துல மீன் புடிக்கப் போறீங்களா?" என்றார் காசிம் பாய்.

"ஏத்து பாய், நேரமாவுது" என்றார் அந்தோணி. சிரிக்கவில்லை.

காரணம் உண்டு. யுத்த காலத்தில் இதே கடற்கரையில் ஒரு காவல் முகாமில் அவர் ரேடார் பார்த்தவர். ஒரு நாள் விடிகிற வேளையில் கடல் பக்கமிருந்து கருவியில் ஒரே இரைச்சல். ஜப்பான் கப்பல்தான் கருவியைக் குழப்புகிறது என்று அபாயச் செய்தி கொடுத்தார். கப்பல் எதுவும் வரவில்லை. சட்டையிலிருந்த பதவிப் பட்டையைப் பிடுங்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குக் குடித்திருந்தீர்களா என்று பிலோமினாவும் கேட்டாராம். பட்டை போனதைவிட அதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

போன மாதம் ஒரு சீமைப் பத்திரிகையில் படித்தேன்: சூரியன் வெளிச்சத்தோடு ரேடியோ அலைகளையும் அனுப்புகிறது, பெரிய கரும்புள்ளி தோன்றும் நாட்களில் அவை பலமாக இருக்கும். அந்த அலைகளும் ஒருவகை வெளிச்சம்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. சூட்டையாவது தோல் கண்டுகொள்ளும். ரேடியோ அலைக்கு நம் உடம்பில் உறுப்பே இல்லை. மூங்கில் ஏரியல்தான் அதற்குத் தொலைநோக்கி. புகைக்கரி படிந்த கண்ணாடி வழியாக நேற்று பார்த்தேன், சூரியனில் பெரிய புள்ளி. அன்றைக்கு அவர் கேட்ட இரைச்சலும் சூரியனுடையதாக இருக்கலாம் என்று ஓடிப்போய் அந்தோணியிடம் சொன்னேன். பலிக்காவிட்டால் அவருக்கு இரண்டாவது அவமானம், அதுவும் என்னால். வண்டி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது.

ஐந்தே முக்காலுக்கு மணலில் ஏரியலை நட்டுக் கிழக்கே திருப்பினோம். காதுக்குழாயில் லேசான சலசலப்புதான். ஆறு மணிக்குமேல் சூரியன் கடலை விட்டு எழும்பியது. எண்ணெயில் கடுகு போட்டதுபோல இரைச்சல் கிளம்பியது. ஏரியலைத் தெற்கே திருப்பினால் அடங்கியது. கிழக்கே திருப்பினால் மறுபடி வந்தது.

"இதே சத்தம்தான் சார்" என்றார் அந்தோணி. காதுக்குழாயைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார்.

பிலோமினா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க ஒரு கப்பல் நிக்குதே. அதோட சத்தமா இருந்தா?"

நிஜமாகவே நேர் கிழக்கே ஒரு சரக்குக் கப்பல் நங்கூரம் பாய்ச்சி நின்றிருந்தது. அந்தோணியின் முகம் தொங்கிவிட்டது. ஏரியலைக் கப்பலை நோக்கியபடியே விட்டுவிட்டு உட்கார்ந்தோம். காசிம் பாய் ஆளுக்கொரு பீடி நீட்டினார். நான் புகைப்பதில்லை, ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

ஏழரை மணிக்குக் காதுக்குழாயில் பழைய சலசலப்புதான் மிச்சம். கப்பல் நகரவே இல்லை. சூரியன் மட்டும் ஒரு தென்னை உயரத்துக்கு ஏறியிருந்தது.

காதுக்குழாய் அப்போது பிலோமினாவிடம் இருந்தது. எழுந்துபோய் மூங்கிலை மெதுவாகச் சாய்த்து, அதன் நுனியைச் சூரியனுக்கு நேராக உயர்த்தினார். இரைச்சல் திரும்பிவிட்டது போலும், அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கியது.

"கப்பல் வானத்துல ஏறாதுல்ல சார்" என்றார் என்னிடம்.

ஏறாது. அன்றைக்கு முகாமில் ஒருவராவது ஒரு மணி நேரம் பொறுத்து இரைச்சல் எங்கே போகிறது என்று பார்த்திருந்தால் அந்தோணியின் பட்டை பிழைத்திருக்கும். எனக்குக் கோபமாகவும் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

எட்டு மணிக்கு நான் மட்டும் கிளம்பினேன். பத்து மணிக்குப் பள்ளிக்கூடம். என் வீட்டில் சூரியன் எதிர்வீட்டு மாடியைத் தாண்டி வருவதற்குள் காபி ஆறிவிடும். அதற்குமேல் சூரியனாரோடு எனக்குப் பழக்கமில்லை. இனிமேல் பழக வேண்டும்.

வண்டி திரும்பும்போது பின்னால் பேச்சுக் கேட்டது.

"இன்னா கேக்குது பிலோமி?"

"நீங்க அன்னிக்குச் சொன்னதுதான்."